மழை பெய்த சனிக்கிழமை

அத்தியாயம் 6

டப்பாவிலிருந்து ஒரு குண்டூசி எடுத்தால் ஒன்றுதான் வர வேண்டும். பகலவன் எடுத்தபோது ஏழு வந்தன.

"இன்னா மேடம் இது, ஒன்னக் கூப்ட்டா குடும்பமே கெளம்பி வர்து?" என்றான். பல் குத்துவதற்காகத்தான் எடுத்தான். அதை மறந்துவிட்டு உயர்த்திப் பிடித்தான். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஊசிகள் தொங்கின.

அவன் முதலாளி, துப்பறியும் லூர்து மேரி, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் நாயாய் அலைந்ததில் உருப்படியாகக் கிடைத்த முதல் தடயம் அது. அதுவும் தான் தேடிக் கிடைக்காமல், இவன் பல் குத்தப் போய்க் கிடைத்திருக்கிறது. அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"காந்தம்," என்றாள். "இந்த டப்பா இருந்த பீரோவுக்குள்ள யாரோ பெரிய காந்தம் ஒண்ணு வெச்சிருக்காங்க. பிளாப்பி செத்ததுக்கு அதான் காரணம்."

பாலாறு கபடி லீக்கின் தண்டலம் ஆபீஸ் அது. எட்டுத் தொழிற்சாலைகள், எட்டு அணிகள், தொண்ணூற்றாறு ஆட்டக்காரர்கள். ஷிப்ட் முடிந்து பொழுதுபோக்காக ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இனி ஆட்டமே வேலை, மாதமானால் சம்பளம். அதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள், அது வியர்க்காமல் இருக்க ஏசி போட்டார்கள், மண்ணூர், ஒரகடம், படப்பை மைதானங்களிலிருந்து ஸ்கோர் சொல்வதற்குத் தனி டெலிபோன் லைன் இழுத்தார்கள். கடைசியில் அதைத் தொட்டு வேலை செய்ய ஆள் வேண்டுமே என்று பரீட்சை வைத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். முதலில் வந்தவள் மண்ணூரைச் சேர்ந்த பெனிஷா, வயது இருபத்திரண்டு. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குச் சனிதான். அணைத்தால் கம்ப்யூட்டருக்குள் எதுவும் தங்காது என்பதால், சனிக்கிழமை மாலை தொண்ணூற்றாறு பேர் விவரத்தையும் இரண்டு பிளாப்பியில் ஏற்றி பீரோவில் வைப்பாள். செயலாளர் ராஜாமணி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். திங்கட்கிழமை காலை திறந்து போட்டால் இரண்டும் சுத்தமாகக் காலி. ஒரு வாரம் இல்லை, மூன்று வாரம். இரண்டு முறை அந்தப் பெண் படிவங்களைப் பார்த்து முதலிலிருந்து அடித்தாள்; மூன்றாவது முறை அழிந்ததை இன்னும் அடிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை லீக் தொடக்கம். இன்று வியாழன். நாலு மணிக்குக் கமிட்டி கூடி, இது அவள் வேலைதான் என்று அவளை வேலையை விட்டு அனுப்பப் போகிறது. அதற்குள் உண்மையைக் கண்டுபிடித்துத் தரும்படி லீக் தலைவர் நாகப்பன் லூர்து மேரியிடம் கேட்டிருந்தார்.

மணி பத்தரை.

ராஜாமணி உள்ளே வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் ரப்பர் சீல். டீக்கடைப் பையன் கொண்டுவந்த பில்லுக்குக்கூட நம்பர் போட்டு, 'பார்த்தேன்' என்று எழுதிச் சீல் குத்துகிற மனிதர்.

"சார், பீரோவுல எப்பவாவது காந்தம் ஏதாவது வெச்சீங்களா?" என்று கேட்டாள் லூர்து மேரி.

"காந்தமா? இது ஆபீஸ்மா. காயலான் கடை இல்ல," என்றார் ராஜாமணி. "நீங்க பீரோவப் பாக்கறத வுட்டுட்டு அந்தப் பொண்ணப் பாருங்க. தெனம் சாயங்காலம் அவ சாப்பாட்டுப் பைய நான்தான் தொறந்து பாத்து அனுப்புறேன்."

"பையில என்ன சார் இருந்துச்சு?"

"தயிர்சாதம்."

"டேஞ்சரான ஐட்டம் சார்," என்றான் பகலவன். லூர்து மேரி அவன் காலை மிதித்தாள்.

ராஜாமணி போனதும் பெனிஷா மெல்லப் பேசினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"மொத வாரம் அழிஞ்சப்பவே சார்கிட்ட கேட்டேன் மேடம், ஒரு பிளாப்பிய எங்க வூட்ல வெச்சிக்கிறேன்னு. ஆபீஸ் சாமான் வெளிய போவக் கூடாதுன்னுட்டாரு. எங்கப்பாவுக்கு லேத்துல வெரல் போயி ரெண்டு வருசம் ஆவுது. இந்த வேலைய நம்பித்தான் எங்கம்மா கூலி வேலைய வுட்டுச்சு. இப்ப நான் திருடின்னு பேரெடுத்துக்கினு போனா மண்ணூர்ல யாரு மேடம் வேல தருவாங்க?"

"நீ போனா அந்த எடம் யாருக்கு?"

"ரெண்டாவதா வந்தவருக்கு. அன்பு. செகரெட்டரி சாரோட அக்கா மகன்."

லூர்து மேரி பகலவனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே மொபெட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

மாமாவின் இடுப்பில் இருக்கிற சாவி மருமகன் கைக்கு வருவதற்கு எவ்வளவு நேரமாகும்? வழியெல்லாம் அவள் அதையேதான் யோசித்தாள். ஒரகடம் தாண்டிப் படப்பை போய்ச் சேருவதற்குள் புழுதியில் இரண்டு பேரும் மாவு மில்லில் வேலை செய்கிறவர்கள் போல ஆகியிருந்தார்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அன்பு, லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் கொட்டாவி பாதியில் நின்றது.

"நானா? மூணு ஞாயித்துக்கெழமையும் எனக்கு அம்பத்தூர்ல ஓ.டி.ங்க. சனிக்கெழம நைட்டு உள்ள போனா ஞாயிறு சாயங்காலந்தான் வெளிய வுடுவான்." உள்ளே போய் ஷிப்ட் கார்டை எடுத்துவந்து நீட்டினான். மூன்று வாரமும் நேரம் குத்தியிருந்தது.

"வேல மேல ஆச இல்லாமயா பரீட்ச எழுதின?" என்றான் பகலவன்.

"மாமா எழுதச் சொன்னாரு, எழுதினேன். எனக்கு மெஷின் ஷாப்ல அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆவுது. அத வுட்டுட்டு யாரு போய் ஏசி ரூம்ல உக்காந்து டைப் அடிப்பா? நாலு தபா வேணான்னுட்டேன். அவருதான் கேக்கல. பொண்ணு குடுக்கறாராம், மாப்ள கண்ணு முன்னாடி தண்டலத்துலயே இருக்கணுமாம்."

கதவு சாத்திக்கொண்டது. இருபது கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் வந்தது ஒரு கொட்டாவியைப் பார்க்கத்தானா என்று லூர்து மேரிக்கு ஆத்திரமாக வந்தது. மணி பன்னிரண்டே கால்.

"கார்டு பொய் சொல்லாது மேடம்," என்றான் பகலவன்.

"எனக்குத் தெரியும்."

"மாமன் மேல டவுட் கீதா?"

"அவரு மேல எனக்கு மொத நாள்லேருந்தே கீது. வெச்சிக்கிட்டு என்ன பண்றது? சாவி அவருகிட்ட இருந்தா அது குத்தமா? அவரு செகரெட்டரி. சாவி அவருகிட்டதான் இருக்கும். காந்தம் எங்க? யாரு கொண்டாந்தா? எங்க போச்சு?"

அவள் கத்தியதில் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பகலவன் அவரிடம் இரண்டு சோடா கேட்டு நிலைமையைச் சமாளித்தான்.

திரும்பி வரும் வழியில், மண்ணூர் மைதானத்துக்கு எதிரே மொபெட்டின் பின் சக்கரம் புஸ் என்றது. நகத்தளவு ஆணி. லூர்து மேரி வண்டியைச் சாத்தி நிறுத்தி, வாயில் வந்ததை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினாள். இந்தக் கேஸில் எல்லாமே இப்படித்தான். கைக்கு எட்டும் நேரத்தில் காற்றுப் போய்விடுகிறது.

பஞ்சர் கடைக்காரன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். அவள் சும்மா மைதானத்தைப் பார்த்தாள். சனிக்கிழமைக்காகப் பந்தல் போட்டிருந்தார்கள். சவுக்குக் கம்பங்களில் இரண்டு புனல் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. பார்க்க ஏதோ மாதிரி இருந்தது. முன்பக்கம் அகல வாய் இருக்கிறது, பின்பக்கம் வெறும் ஓட்டை.

"பகலவா, அந்த ஸ்பீக்கருக்கு வாய் இருக்கு, தொண்டையக் காணோமே?"

"யூனிட்டுங்களா? அதக் கழட்டிக்கினு பூட்டிருப்பாங்க. மைக் செட்டுக்காரன் புனல வுட்டுட்டுப் போவான், யூனிட்ட வுட மாட்டான். வெலையே அதுக்குத்தான். ஆட்டம் முடிஞ்சதும் திருகி எடுத்து மடியில கட்டிக்குவான்."

"யூனிட்டுக்குள்ள என்ன இருக்கும்?"

"பெருசா ஒன்னும் இல்ல மேடம். சுருள் கம்பி, தகடு, அப்பறம் ஒரு சோத்துத் தட்டு மாதிரி காந்…"

பகலவன் வாயைத் திறந்தபடியே நின்றான். பஞ்சர் கடைக்காரன் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்கள் ஏன் வண்டியை விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று பார்த்தான்.

மைக் செட் மண்ணாங்கட்டி தன் குடிசையில் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். ஐம்பது வயது, கழுத்தில் துண்டு. பக்கத்துப் பலகையில் இரண்டு யூனிட் உட்கார்ந்திருந்தன. ஒன்றின் மேல் ஒரு ஸ்பேனர், இரண்டு ஆணி, ஒரு சோடா மூடி ஒட்டிக்கொண்டிருந்தன.

"லீக் ஆபீஸ் பீரோவா? ஆமாம்மா, அங்கதான் வெச்சேன்," என்றார் சர்வசாதாரணமாக. "மொத சனிக்கெழம ப்ராக்டீஸ் ஆட்டம் முடியச் சொல்ல ஏழு மணி ஆயிடுச்சு. என் வூட்டு ஓலக் கதவு, கள்ளன் ஒத வுட்டா தொறந்துக்கும். சாரு நல்ல மனுசன். 'இங்க பீரோவுல வையி, திங்கக்கெழம வந்து எட்த்துக்கோ'ன்னாரு. பிளாப்பி மேலயே வெச்சிப் பூட்டினாரு."

லூர்து மேரி சோர்ந்துபோய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூன்று நாள் தேடிய காந்தம் கண் முன்னால் சோடா மூடியைச் சுமந்துகொண்டு இருக்கிறது. ஆனால் அதில் குற்றவாளி எங்கே? விலை உயர்ந்த இரண்டு சாமானைப் பத்திரமாக ஒரே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார் ஒரு நல்ல மனுசன். கேட்டால் 'அடடா, எனக்கு எப்படித் தெரியும்' என்று கையை விரிப்பார். கமிட்டி சிரிக்கும். சிரித்துவிட்டு, 'ஆபரேட்டருக்குக்கூடத் தெரியலையே, இவ எதுக்கு' என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிடும்.

"எதுக்கும்மா அழுவற மாதிரி கீற?" என்றார் மண்ணாங்கட்டி பயந்துபோய்.

"ஒண்ணுமில்ல. நீங்க சாப்புடுங்க. மூணு வாரமும் இப்படித்தானா?"

"ஆமா. ரெண்டாவது வாட்டி நானே எட்த்துக்கினு வூட்டுக்கு வந்துட்டேன். சாரு சீட்டு எய்தி வாச்மேன் கையில குட்த்தனுப்ச்சாரு. மூணாவது வாட்டியும் சீட்டு." மோர்ச்சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அன்னிக்கு ஆட்டம்கூடக் கெடையாது. சரியான மழ. நான் மைக் செட்டையே வெளிய எடுக்கல. யூனிட்டு என் வூட்ல கோணிக்குள்ள காஞ்சிக்கினு கெடந்துச்சு. அப்பவும் ஆளனுப்ச்சி வாங்கிக்கினாரு. அந்தக் கொட்ற மழையில! அவ்ளோ அக்கற."

லூர்து மேரி தலையை நிமிர்த்தினாள்.

"சீட்டு இருக்கா?"

"சாமி படத்தாண்ட சொருவி வெச்சிகீறேன். சீலு கீதே, தூக்கிப் போடலாமா?"

பகலவன் எடுத்துவந்தான். கோணல் இல்லாத கையெழுத்து. 'இச்சீட்டைக் கொண்டு வரும் வாட்ச்மேனிடம் ஹாரன் யூனிட் இரண்டையும் கொடுத்தனுப்பவும். 14-9-91.' கீழே முழுக் கையெழுத்து, வட்டச் சீல்.

"ஆட்டமே இல்லாத நாள்ல ஸ்பீக்கருக்கு ஆபீஸ்ல இன்னா மேடம் வேல?" என்றான் பகலவன். இந்த முறை அவன் கிண்டல் செய்யவில்லை.

"அதுக்கு முன்னாடி இன்னொண்ணு தெரியணும். காந்தம் பிளாப்பிய அழிக்கும்னு அவருக்கு யாரு சொன்னா?"

மணி இரண்டரை ஆகியிருந்தது. தண்டலம் கூட்டுரோடு எஸ்.டி.டி. பூத்தில் இரண்டு முறை லைன் அறுந்து, மூன்றாவது முறை மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர் கிடைத்தார். முதல் வாரம் பிளாப்பி அழிந்ததும் வந்து பார்த்தவர் அவர்.

"அப்பவே எழுதிக் குடுத்தேனே மேடம்," என்றது குரல். "காந்தம், ஸ்பீக்கர் எதுவும் பிளாப்பி கிட்ட வைக்காதீங்க, வெச்சா அழிஞ்சிடும்னு. செப்டம்பர் மூணாந்தேதி. செகரெட்டரி ரெண்டு தடவை படிச்சு, 'பார்த்தேன்'னு போட்டு சீல் குத்தினாரு. எங்க காப்பியில நான் வேணாம்னு சொல்லியும் குத்திட்டாரு."

"அந்தப் பேப்பரை ஆபரேட்டர்கிட்ட காட்டினாரா?"

"ஃபைல்ல வெச்சுக்கறேன்னு வாங்கிக்கிட்டாரே."

ரிசீவரை வைத்தாள். மூன்று நாளில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"இந்நேரம் கிழிச்சுப் போட்ருந்தா?" என்றான் பகலவன்.

"டீ பில்லுக்கு நம்பர் போட்டு வெக்கிற ஆளு. சீல் குத்தின காயிதத்தக் கிழிக்க அவருக்குக் கை வராது."

நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. மேசையில் பெனிஷாவை விலக்கும் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. பெனிஷா சுவரோரம் நின்றாள். அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. லூர்து மேரி தன் நாற்காலியைத் தள்ளி அவளை உட்காரவைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

சீட்டை மேசையில் வைத்தாள். மண்ணாங்கட்டியிடம் வாங்கிவந்த யூனிட்டின் மேல் குண்டூசி டப்பாவைக் கவிழ்த்தாள். ஊசிகள் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. கமிட்டியில் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

ராஜாமணியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு சிரித்தார். "அடடா! திருட்டு போயிடக் கூடாதேன்னு நல்ல எண்ணத்துல வெச்சேன். இதுல காந்தம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டர் சர்வீஸ் ஃபைலைக் குடுங்க சார். செப்டம்பர் மூணாந்தேதி."

அவர் அசையவில்லை. நாகப்பனே எழுந்து எடுத்தார். தாள் இருந்தது. 'ஸ்பீக்கர்' என்ற சொல்லுக்கு நேர் கீழே, 'பார்த்தேன்.'

"அப்படியே தெரியாம ரெண்டாவது சனிக்கிழமை வெச்சீங்கன்னே வெச்சுப்போம்," என்றாள் லூர்து மேரி. "மூணாவது சனிக்கிழமை மழை. ஆட்டம் இல்ல, மைக் இல்ல. மண்ணூர்ல கோணிக்குள்ள பத்திரமா இருந்த சாமானை மழையில ஆளனுப்பி எதுக்கு சார் வரவழைச்சீங்க? இன்னிக்குக் காலையில காந்தம் வெச்சீங்களான்னு கேட்டப்ப, இது காயலான் கடை இல்லன்னு எதுக்குச் சொன்னீங்க?"

ராஜாமணி மேசையைப் பார்த்தபடி, "எம் பொண்ணு பக்கத்துலயே இருக்கணும்னு நெனச்சேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதோடு முடிந்தது என்றுதான் லூர்து மேரி நினைத்தாள். நாகப்பன் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ரொம்ப நன்றி. பொண்ணுக்கு வேலை இன்னிக்கே நிரந்தரம், அதுல மாத்தமே இல்ல. ஆனா எட்டு கம்பெனி பணம் போட்ட லீக். சனிக்கிழமை தொடக்கம். இது வெளிய தெரிஞ்சா அசிங்கம். கரண்ட்டு ஏத்த எறக்கத்துல பிளாப்பி போச்சுன்னு ஆர்டர்ல எழுதிடுவோம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். லூர்து மேரிக்கு மேசையைத் தூக்கிப் போட வேண்டும் போல இருந்தது. கண்டுபிடிப்பது ஒரு வேலை, கண்டுபிடித்ததை இவர்கள் மறுபடி மூடிப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இன்னொரு வேலை.

"ஆர்டரை நீயே அடிச்சிடும்மா," என்றார் நாகப்பன்.

பெனிஷா எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்தாள். பெயர், பதவி, தேதி. 'மூன்று முறை விவரங்கள் அழிந்ததற்கு ஊழியர் பொறுப்பல்ல' என்பது வரை வந்தது.

"காரணம், மின்சாரக் கோளாறு," என்றார் நாகப்பன்.

அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"அடிம்மா."

"கரண்ட்டு ஒன்னும் பண்ணல சார்," என்றாள் பெனிஷா. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நடந்தது இன்னான்னு சொல்லுங்க, அடிக்கிறேன். இல்லாட்டி வேற யாரையாவது கூப்ட்டு அடிக்கச் சொல்லுங்க."

வேறு யார் இருக்கிறார்கள்? தொண்ணூற்றாறு பேரையும் நாலாவது முறையாகச் சனிக்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டும். பட்டியல் இல்லாமல் நடுவர் ஒருவனையும் கோட்டுக்குள் விட மாட்டார். நாகப்பன் காலண்டரைப் பார்த்தார், கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி கூரையைப் பார்த்தது.

"சரி," என்றார் நாகப்பன் கடைசியில். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் இங்கிலீஷ் இதற்கு மேல் போகாது. லீக்கின் கடிதம் எல்லாவற்றையும் இதுவரை சொல்லி அடிக்கவைத்தவர் ஒரே ஒருவர்தான். பழக்கதோஷத்தில் அந்தப் பக்கமே திரும்பினார். "ராஜாமணி… இத எப்படிச் சொல்றது?"

ராஜாமணி எழுந்து வந்து, மூன்று வாரமாகத் தான் பையைச் சோதித்து அனுப்பிய பெண்ணின் பின்னால் நின்றார். திரையில் இருந்த வரியைப் படித்தார்.

"'மின்சாரம்' வேணாம்மா," என்றார். "அந்த எடத்துல என் பேர் போடு. இனிஷியலோட."